சுவாரஸ்யம் என்கிற கெட்ட வார்த்தை: நாட்குறிப்பும் தன்வரலாறும் குறித்துச் சில

1

சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கென்று சில கெட்ட வார்த்தைகள் உண்டு. அவற்றில் முதலிடம் 'சுவாரஸ்யம்' என்பதற்கு. அது வார இதழ்களின் தொடர்கதைக்கும் ரயில் பயண வாசிப்புக்கும் உரியது என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒரு பிரதியை 'சுவாரஸ்யமாக இருந்தது' என்று ஒருவர் சொன்னால், சொன்னவரையும் எழுதினவரையும் சேர்த்தே சந்தேகிக்கிறோம். 'முக்கியமானது' என்போம், 'கவனிக்கத்தக்கது' என்போம், 'விவாதத்துக்குரியது' என்போம். கீழே வைக்க மனசு வரவில்லை என்று மட்டும் சொல்லமாட்டோம்.

எம்.ஏ. தமிழ் முடித்து வந்த நாளிலிருந்து நானும் இந்த ஆசாரத்தைக் கடைப்பிடித்து வந்தவன்தான். அதனால் நேர்ந்த ஒரு தவறிலிருந்து இதைத் தொடங்குகிறேன்.

2017-ல் தொழிற்சங்க நண்பர் ஒருவர் வழியாகப் பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் டைரிகள் என்னிடம் வந்தன. நூல் கடையில் இனாமாகக் கொடுத்தவை. 2006 தொடங்கிப் பதினோரு வருஷத்து டைரிகள், மஞ்சள் பையில் போட்டு, வாய் சுருட்டி. 'பாருங்க தம்பி, புஸ்தகமாப் போடற மாதிரி இருந்தாப் போடலாம்னு தோழர் சொல்றாரு' என்றார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மின்வெட்டு, பாவு முடிந்து அடுத்த பாவு வராமல் காத்துக்கிடந்தது, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையாமல் அடுத்த தறிக்கும் போக முடியாதது, மச்சினனோடு பேச்சு நின்றது, பல்வலி, கறி விலை, மகளுக்குப் பழைய சைக்கிள் பார்த்தது, ஒரு சினிமாவில் பாதியில் தூங்கிவிட்டது. ஒரு நாளைக்கு நாலு வரி, சில நாளைக்கு ஒரு பக்கம். கீழே வைக்க மனசு வரவில்லை.

அப்புறம் நான் செய்தது என்ன? அதை 'ஆவண'மாக்கினேன். கூலிப் பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம், முன்பணக் கொத்தடிமை முறை, மின்வெட்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டினேன். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கினேன். பதினோரு டைரி அறுபது பக்கமாயிற்று. கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: 'நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. ஆனா இதுல நான் இல்லீங்களே.'

மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வாக்கியத்தை ஒரு விமர்சனக் கோட்பாடாக எடுத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஒருவன் தன்னைப்பற்றி எழுதியதை முன்பின் தெரியாத இன்னொருவன் ஏன் படிக்க வேண்டும்? எது படிக்க வைக்கிறது?

2

தமிழில் இந்தக் கேள்வியை ஆனந்தரங்கப் பிள்ளையிடமிருந்துதான் தொடங்க முடியும். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு செத்துப்போனார். இருபத்தைந்து வருஷத்துத் 'தினப்படிச் சேதி'. அச்சில் இது முதலில் வந்தது தமிழில் அல்ல. சென்னை அரசாங்கம் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு 1904-லிருந்து 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. தமிழ் மூலம் 1948-லிருந்துதான் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது. ஆங்கிலேயனுக்கு இது துய்ப்ளேக்ஸ் காலத்து வரலாற்றுக்கான சான்றாகத் தேவைப்பட்டது. நமக்கு இது எதற்குத் தேவை என்று முடிவு செய்யவே நாற்பத்துநாலு வருஷம் அதிகமாகத் தேவைப்பட்டிருக்கிறது.

சான்று என்றே இன்னமும் இதைப் படிக்கிறோம். எந்தத் தேதியில் எந்தக் கப்பல் வந்தது, 1746-ல் சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொள்கிறோம். ஆனால் இதை ஒரு பிரதியாக வாசிக்கிறவனைப் பிடித்து வைப்பது இந்தத் தகவல்கள் அல்ல. பிள்ளைக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. நமக்குத் தெரியும். இந்த இடைவெளிதான் பிடித்து வைக்கிறது. துரை இன்றைக்கு முகம் கொடுத்துப் பேசினாரா, துரைசானி பின்னால் என்ன செய்துகொண்டிருக்கிறாள், கிரகம் எப்படியிருக்கிறது என்று அவர் ஒவ்வொரு நாளும் கணக்குப் போடுகிறார். கணக்கு தப்புகிறது. மறுநாள் வேறு கணக்கு. தப்பிய கணக்கை அவர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதவில்லை. நாட்குறிப்பு என்கிற வடிவத்தின் நேர்மை இதில்தான் இருக்கிறது. அது எழுதுகிறவனின் குணத்தைச் சார்ந்த நேர்மை அல்ல, வடிவத்தின் நேர்மை. பிள்ளை தற்பெருமைக்காரர், முகஸ்துதிப் பிரியர், எதிராளியை மன்னிக்கத் தெரியாதவர். ஆனால் தேதி போட்டு எழுதுகிறவன் நேற்றைய பொய்யையும் அப்படியே விட்டுவிட்டுத்தான் இன்றைக்கு வர வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: எழுதுகிறவன் சொல்ல நினைத்ததைவிடப் பிரதி அதிகம் சொல்லிவிடுகிறது. 1745-ல் புதுச்சேரி மாதா கோயிலில் நடந்த ஒரு சம்பவத்தைப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் இது என்ன முறை என்று கேட்க, சேரிக்காரர்கள் திரண்டுபோய் முறையிட, சுவர் இடிபடுகிறது. பிறகு பெரிய குடும்பத்துப் பெண் ஒருத்தி மெல்லிய சேலையும் நகையும் வாசனையுமாகக் கோயிலுக்கு வருகிறாள். பூசை வைக்கிற பாதிரியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கைப்பிரம்பால் அவள் கொண்டையைக் குத்திக் கடிந்துகொள்கிறார். இதனால் வேறொரு ரகளை.

பிள்ளை இதை ஏன் எழுதினார்? சேரி மக்கள்மீது கரிசனமா? கிடையாது. அவருக்கு முன்னால் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் கிறிஸ்தவர். அவர் தரப்புக்குள் என்ன சண்டை என்று தெரிந்துகொள்கிற ஆவல் இவருக்கு. பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவர்மேல் எட்டிப் பார்க்கிற ஆவல். ஆனால் அந்த ஆவல்தான் சுவரையும் மூக்கையும் பிரம்பையும் கொண்டையையும் விடாமல் குறித்து வைக்கிறது. சமரச நோக்கோடு எழுதுகிற ஒருவர் 'கோயிலில் சாதி வேற்றுமை பாராட்டப்பட்டது. அது பின்னர் நீக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்திருப்பார். நமக்குச் சுவரும் கிடைத்திருக்காது, சுவரை இடிக்கக் கேட்டவர்களும் கிடைத்திருக்கமாட்டார்கள். வம்புக்காரனின் கண்ணிலிருந்து நமக்குச் சரித்திரம் கிடைத்திருக்கிறது.

1748-ல் ஆங்கிலேய முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததை அவர் எழுதுகிற பக்கங்கள் வேறு மாதிரி. அங்கே எட்டிப் பார்க்க இடமில்லை; அவரே உள்ளே இருக்கிறார். துரையின் தயவும் வேண்டும், கோயிலும் போகிறது. தடுக்க முடியாத தன் கையாலாகாத்தனத்தை யார் யார் தலையிலோ ஏற்றிக்கொண்டே போகிறார். அவருடைய நியாயங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் நியாயம் தேடித் தவிக்கிற அந்தக் குரலை நம்பாமல் இருக்க முடியவில்லை. பிரபஞ்சன் 'வானம் வசப்படும்' எழுதும்போது (1995-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது) இந்த நாட்குறிப்பிலிருந்து தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். ஒரு மனிதன் நாள்தோறும் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிற தொனியையும் எடுத்துக்கொண்டார்.

3

நாட்குறிப்புக்கு நாளை தெரியாது. தன்வரலாற்றுக்கு எல்லாம் தெரியும். தமிழில் தலைவர்களும் பெரியவர்களும் எழுதிய தன்வரலாறுகளில் பெரும்பாலானவை நம்மைத் தூங்க வைப்பதற்கு இதுதான் காரணம். முதல் பக்கத்திலேயே பிற்காலப் பெருமையின் நிழல் தொட்டில்மேல் விழுந்துவிடுகிறது. பால்யத்தில் செய்த குறும்புகூட வரப்போகிற மேன்மைக்கு முன்னறிவிப்பு. சறுக்கல் வந்தால் அதிலிருந்து ஒரு படிப்பினை. படிப்பினை எழுதப்பட்ட இடத்தில் வாசகனுக்கு வேலை இல்லை. அவன் எழுந்து போய்விடுகிறான்.

இதற்கு விலக்காக உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைச் சொல்வேன். 1940-ல், எண்பத்தைந்து வயதில், ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது. 1942-ல் அவர் இறந்தபோது முடிக்கப்படாமல் நின்றது. ஆம், ஒரு வார இதழில்தான் வந்தது. வாரக் கெடுவுக்கு எழுதியதால் அது கெட்டுப்போகவில்லை என்பதை நாம் கொஞ்சம் ஜீரணித்துக்கொள்ள வேண்டும்.

அதில் 1880 அக்டோபரில் நடக்கும் ஒரு காட்சி எல்லோருக்கும் தெரிந்தது. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருக்கிற சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார் முதலியார். இவர் மகாவித்துவானிடம் பாடம் கேட்ட பெருமையோடு அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம், கோவை என்று அடுக்குகிறார். முதலியாரின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இதற்கெல்லாம் முந்திய சீவக சிந்தாமணி, மணிமேகலை எல்லாம் படித்ததுண்டா என்கிறார். இல்லை.

1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்தவர், பிற்பாடு சங்க நூல்களையெல்லாம் கொண்டுவந்தவர், எண்பத்தைந்தாம் வயதில் உட்கார்ந்து இந்தக் காட்சியை எப்படி எழுதியிருக்கலாம்? 'அன்று என் வாழ்வில் ஒளி பிறந்தது' என்று ஆரம்பித்திருக்கலாம். செய்யவில்லை. அந்த இளம் பண்டிதரின் கர்வத்தை முழுசாக ஏற விடுகிறார். ஒவ்வொரு நூலாகச் சொல்லச் சொல்ல எதிரே இருப்பவர் அசையாமல் இருப்பதில் அவருக்கு ஏற்படுகிற எரிச்சலை விட்டுவைக்கிறார். பிற்காலத்து ஐயர் அந்த இளைஞனைக் காப்பாற்றக் குறுக்கே வரவில்லை. முடிவு தெரிந்தும் அறியாமையை அறியாமையாகவே விட்டுவைப்பதற்குப் பெரிய கட்டுப்பாடு வேண்டும். சுவாரஸ்யம் என்பது இங்கே ஒரு ஒழுக்கம்.

அந்தச் சரித்திரத்துக்குள் மடமும் அக்கிரகாரமும் வித்துவான்களும் இருக்கிற அளவுக்கு வயலில் நின்றவர்கள் இல்லை என்பது வேறு விஷயம். சொல்லாமல் விடக்கூடாது என்பதால் சொல்கிறேன். தன்னைப்பற்றி எழுதுகிற ஒவ்வொருவருக்கும் பார்வைக்கு வராத ஒரு கொல்லைப்புறம் இருக்கிறது.

4

கொல்லைப்புறத்திலிருந்து வந்த எழுத்து என்று 1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு'வைச் சொல்லலாம். அது வந்தபோது நடந்த விவாதங்கள் இரண்டு வகைப்பட்டவை. இது இலக்கியமா, இந்த மொழியில் எழுதலாமா என்று ஒரு தரப்பு. இது சாட்சியம், இதை விமர்சிக்கக்கூடாது என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்புமே அந்தப் புத்தகத்தை எப்படிப் படிக்க முடிந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்று நுனியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். சின்னப் பெண்ணுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது, சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அவன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு, அதனால்தான் அப்படி என்று விளக்குகிறான். சிரிப்பு முதலில், அறிவு பிறகு. இந்த வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் அது தீண்டாமை பற்றிய ஒரு செய்தி. இந்த வரிசையில் இருப்பதால் வாசகனும் முதலில் சிரித்துவிடுகிறான். பிறகு தன் சிரிப்புக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நூலின் அரசியல் இந்த வரிசையில் இருக்கிறது. மடத்துக்குள்ளும் சாதி இருந்ததை அது பேசும்போது எனக்கு 1745-ன் சுவர் ஞாபகம் வந்தது. இடித்த சுவர் எங்கேயெல்லாம் திரும்ப எழும்பியிருக்கிறது! ஆனால் பிள்ளை எட்டிப் பார்த்து எழுதினார். பாமா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எழுதினார். இருநூற்றைம்பது வருஷம் கழித்து.

'கருக்கு'வில் விளையாட்டு இருக்கிறது, கேலி இருக்கிறது, தீனி இருக்கிறது, திருவிழா இருக்கிறது. நாம் இவற்றைத் தாண்டிக்கொண்டு வலியைத் தேடிப் போனோம். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ தன்வரலாற்றுக் கையெழுத்துப் பிரதிகளில் நம்முடைய இந்தப் பசி தெரிகிறது. இயக்க வாசகனுக்கு வேதனை மட்டுமே வேண்டியிருக்கிறது. பதிப்பாளனுக்கும் அதுவே வேண்டியிருக்கிறது. ஒடுக்கப்பட்டவன் நம் முன்னால் வந்தால் அழ வேண்டும், அல்லது கோஷம் போட வேண்டும். பல்வலி வந்ததை அவன் சொல்லக்கூடாது. இதுவும் ஒரு அதிகாரம்தான்.

5

இங்கே கோட்பாட்டு நண்பர்கள் எழுந்து நிற்பார்கள். 'தான்' என்பதே மொழியால் கட்டமைக்கப்படும் ஒரு தன்னிலைதானே, 'உண்மையான நான்' என்று தேடுவது பழைய மனிதமையவாதம் அல்லவா? வாஸ்தவம். ஆனால் 1975-ல் பிலிப் லெஜூன் தன்வரலாற்றை ஓர் 'ஒப்பந்தம்' என்று சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளலாம். அட்டையில் இருக்கிற பெயரும் கதைசொல்கிற 'நான்'-உம் கதையில் வருகிற ஆளும் ஒன்றே என்று எழுதுகிறவன் வாசகனிடம் கையெழுத்துப் போட்டுத் தருகிறான். அந்த 'நான்' கட்டமைக்கப்பட்டதாகவே இருக்கட்டும், கையெழுத்து போட்டாயிற்று. வாசகன் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் உள்ளே வருகிறான். சொன்ன தகவல் தப்பாக இருந்தால் அவன் மன்னிக்கிறான். ஆள் மாறிவிட்டால் மன்னிப்பதில்லை.

1977-ல் ஃபூக்கோ எழுதிய 'புகழற்ற மனிதர்களின் வாழ்க்கை' இன்னும் நெருக்கமானது. அடைப்பிடங்களின் பழைய ஆவணங்களில் சில வரிகளாக மட்டும் எஞ்சியிருக்கும் சாமான்யர்கள். அதிகாரம் அவர்களைத் தொட்ட ஒரு கணத்தில் விழுந்த வெளிச்சத்தில் மட்டுமே நமக்குத் தெரிகிறவர்கள். இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிக்கொண்டே நான் அந்த விசைத்தறித் தொழிலாளிக்கு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதிகாரம் தொட்ட கணங்களை மட்டும் வைத்துக்கொண்டு, தொடாத கணங்களையெல்லாம் வெட்டினேன். தானே எழுதிக்கொண்டிருந்த ஒருவரைத் திரும்பவும் போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டுக்குள் கொண்டுபோய் விட்டேன்.

அப்படியானால் எதையும் வெட்டக்கூடாதா, எழுதினபடியே அச்சடிக்க வேண்டுமா? அதுவும் பொய்ப் பக்திதான். ஆன் ஃபிராங்கை எடுத்துக்கொள்வோம். 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து வந்த வானொலியில் டச்சு அமைச்சர் ஒருவர், யுத்தம் முடிந்தபின் மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் சேகரிக்கப்பட வேண்டும் என்று பேசினார். ஒளிவிடத்தில் அதைக் கேட்ட அந்தப் பெண், தன் நாட்குறிப்பைத் தானே திருத்தி எழுத ஆரம்பித்தாள். வெட்டினாள், சேர்த்தாள். பிழைக்கவில்லை. 1947-ல் தகப்பனார் வெளியிட்டபோது அவரும் வெட்டினார். மகள் தாயைப்பற்றியும் தன் உடம்பைப்பற்றியும் எழுதிய சில இடங்கள் போயின. 1986-ல் எல்லா வடிவங்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஆய்வுப் பதிப்பு வந்தது.

இரண்டு வெட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவள் வெட்டியது எழுத்துக்காரியாக, இன்னும் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அவர் வெட்டியது செத்துப்போனவர்களின் மானத்துக்காக. தகப்பனுடைய துக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் புத்தகம் இன்றைக்கும் படிக்கப்படுவது அது 'போரின் கொடுமையை விளக்குவ'தால் மட்டுமல்ல. அம்மாமேல் கோபப்படுகிற, தன்னைத் தானே நையாண்டி செய்துகொள்கிற ஒரு பெண் அதற்குள் உட்கார்ந்திருப்பதால். கொடுமை எப்பேர்ப்பட்டது என்று நமக்கு உறைப்பதே அவள் அத்தனை சாதாரணமாக இருப்பதால்தான்.

ஆகவே கேள்வி வெட்டலாமா கூடாதா என்பதல்ல. யாருடைய மானத்துக்காக வெட்டுகிறோம்?

6

இப்போது என் வெட்டுக்கு வருகிறேன். அந்த டைரிகளில் ஒரு பக்கம் இருந்தது. வேலைநிறுத்தத்தின் எட்டாம் நாள். வீட்டில் அரிசி இல்லை. இருட்டினபின் முதலாளி வீட்டுப் பின்வாசலுக்குப் போய் ஐந்நூறு ரூபாய் வாங்கி வருகிறார். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை, எண்ணிக் கொடுக்கிறார். மறுநாள் காலையில் தறிக்கூடத்து வாசலில் கோஷம் போடப் போகிறார். தொண்டையில் சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்றவர் 'சளியா?' என்று கேட்கிறார். ஆமாம் என்கிறார். இவ்வளவுதான்.

பதினோரு வருஷத்திலும் இதைவிட நல்ல பக்கம் கிடையாது. வேலைநிறுத்தம் என்றால் என்ன, முன்பணம் என்றால் என்ன, எட்டு நாள் என்றால் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது. நான் அதைத்தான் முதலில் வெட்டினேன். இயக்கத்துக்குக் கெட்ட பெயர், எதிரி பயன்படுத்திக்கொள்வான், அவருக்கே அவமானம் என்று எனக்குள் மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். அவமானம் என்று அவர் நினைத்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டார், அல்லது கிழித்துவிட்டுக் கொடுத்திருப்பார் என்று அப்போது தோன்றவில்லை. அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டுத் தந்த ஒப்பந்தத்தை நான் வேறொரு ஆளின் பெயருக்கு மாற்றினேன்.

பிள்ளையின் தப்பிய கணக்கும், ஐயரின் உடைந்த கர்வமும், பாமாவின் முதல் சிரிப்பும், இவருடைய அடைத்த தொண்டையும் ஒரே இனம். எழுதுகிறவன் தனக்கு எதிராக ஒரு சாட்சியைப் பிரதிக்குள் உட்கார அனுமதிக்கிறான். அந்தச் சாட்சி உட்கார்ந்திருக்கும் வரை வாசகன் எழுந்து போகமாட்டான். சுவாரஸ்யம் என்று நான் சொல்வது இதைத்தான். இதை வார இதழ்களுக்கு விட்டுக்கொடுத்தது நம்முடைய தோல்வி. தன்னைப்பற்றி எழுத உட்கார்கிற தோழர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கூலி உயர்வையும் எழுதுங்கள், பல்வலியையும் எழுதுங்கள். வெட்டுகிறவனை மட்டும் கொஞ்சம் எட்டவே வையுங்கள், அவன் என்னைப் போன்ற படித்தவனாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எட்ட.

போன வருஷம் அவரை ஒரு டீக்கடையில் பார்த்தேன். தறிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த ஐந்நூறு ரூபாய் பக்கத்தைப்பற்றி எழுதலாமா என்று கேட்டேன். 'பேரு போடாம எழுதிக்கோங்க தம்பி, எல்லாருந்தான் வாங்கினாங்க' என்றார். இப்பவும் டைரி எழுதறீங்களா என்றேன்.

'எழுதறனுங்க. காட்டறதில்லீங்க.'

அறுபது பக்கத்தை வாசித்துக் காட்டிவிட்டு நான் கிளம்பிப்போன அன்றைக்கும் அவர் நாலு வரி எழுதியிருப்பார். அதில் நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்க ஆசைதான். காட்டமாட்டார். நியாயம்தான்.